மாயவன் தன் மகளை இறக்கிவிட்டது

கொக்கிலமேட்டுக் குப்பத்தில் மாயவன் என்ற பெயரில் இரண்டு பேர். ஒருவன் படகு இஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவன், அதனால் இஞ்சின் மாயவன். இன்னொருவனுக்கு வெகுகாலம் அப்படி எந்த அடைமொழியும் வாய்க்கவில்லை. மகளை எந்நேரமும் தோளிலும் இடுப்பிலுமாகச் சுமந்துகொண்டு அலைய ஆரம்பித்த பிறகுதான், "பொண்ணத் தூக்கினு போவாரே, அவரா?" என்று கேட்டு ஆளைப் புரிந்துகொள்ளும் வழக்கம் வந்தது. இது அந்த இரண்டாவது மாயவனைப் பற்றியது.

அவன் கடலுக்குப் போகிறவன். மனைவி பரிமளாவின் தம்பி சரவணகுமாரோடு பங்குக்கு ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தான். அதிகம் பேசமாட்டான். உயரம் குறைவு, ஆனால் தோள் அகலம். கரையேற்றும்போது அவன் பிடித்த பக்கம் மட்டும் படகு முந்திக்கொண்டு ஏறும், மற்றவர்கள் திட்டுவார்கள். பரிமளா மாமல்லபுரம் மார்க்கெட்டில் மீன் விற்றாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, இனி இல்லை என்று இருவரும் மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு பிறந்த ஒரே பெண் சுவேதா.

சுவேதா நடந்து யாரும் பார்த்ததில்லை. எங்கே போனாலும் ஓட்டம்தான். கடைக்கு அனுப்பினால் ஓடுவாள். ஈர மணலில் நண்டைத் துரத்துவாள். பள்ளிக்கூட பஸ் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பும்போதுதான் வீட்டிலிருந்து கிளம்பி, அதற்கு முன்னால் போய் நிற்பாள். ஆகவே மூன்றாம் வகுப்பில் அவள் முழங்காலுக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்தபோது பரிமளா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பாள் என்று தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

பிறகு ஒருநாள் வகுப்பில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நிற்கவில்லை. டீச்சர் போன் செய்தபோது மாயவன் வலை பிரித்துக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தால் பிள்ளையின் வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. செங்கல்பட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஆம்புலன்ஸிலேயே சென்னைக்கு அனுப்பினார்கள்.

அங்கே அவளைக் கவனித்தவர் டாக்டர் ரெஜினா. நடுவயது, மெல்லிய குரல், எதையும் இரண்டு தடவை சொல்லும் பழக்கம். எலும்புக்குள்ளே மஜ்ஜை என்று ஒன்று இருக்கிறது, அதில்தான் ரத்தம் ஊறுகிறது, சுவேதாவுக்கு அந்த ஊற்று வறண்டுபோய்விட்டது என்றார். சில மாதம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிடிக்கவில்லை. ரத்தம் ஏற்றுவதும், காய்ச்சலில் படுப்பதும், மறுபடி ரத்தம் ஏற்றுவதுமாகப் போனது. கடைசியில் வேறொருவரின் மஜ்ஜையை எடுத்து ஏற்றுவதுதான் வழி என்றார்கள். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் முழுதாகப் பொருந்த வாய்ப்புண்டு, அவளுக்கு யாருமில்லை. அம்மா அப்பா இருவரையும் சோதித்ததில் அப்பாவுடையதை எடுக்கலாம் என்று முடிவாயிற்று. அதுவும் பாதிப் பொருத்தம்தான்.

"பாதி போதுமா டாக்டர்?" என்று கேட்டான் மாயவன்.

"போதும்னு நம்பித்தான் செய்யறோம். செஞ்சதுக்கப்புறம் தொந்தரவு வரலாம். அதையும் சொல்லிடறேன்."

"எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோங்க. என்னை ஒண்ணியும் கேக்காதீங்க."

மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்தார்கள். கண் விழித்தபோது இடுப்பில் கடப்பாரையால் குத்தியது போல ஒரு வலி. அந்த வலி சில நாள் இருந்தது. அது போகாமலே இருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மொட்டைத் தலையோடு படுத்திருந்த மகளுக்குள் சிவப்புப் பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பரிமளாதான் உள்ளே இருந்து பார்த்தாள். அவன் வெளியே நின்று மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

மஜ்ஜை பிடித்துக்கொண்டது. வெள்ளை அணுக்கள் ஏற ஆரம்பித்தன. நர்சுகள் கைதட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, வாரத்துக்கு இருமுறை காட்டிக்கொண்டு வந்தார்கள். இன்னும் கொஞ்ச நாளில் ஊருக்குப் போய்விடலாம் என்று பரிமளா துணிகளை மடித்து வைக்கத் தொடங்கிய சமயத்தில், சுவேதாவின் உள்ளங்கை சிவந்து எரிந்தது. பிறகு உடம்பெல்லாம் தடித்தது. தோல் உரிந்தது. வயிறு நிற்காமல் போயிற்று.

ரெஜினா மாயவனை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். ஏற்றிய மஜ்ஜையிலிருந்து வந்த அணுக்கள் சுவேதாவின் உடம்பை அந்நியமென்று நினைத்துத் தாக்குகின்றன.

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும், "அது என்னுதுதானே டாக்டர்? என்னுது இன்னாத்துக்கு எம் பொண்ணயே கடிக்குது?" என்றான்.

"உங்க அணுவுக்கு அவ உங்க பொண்ணுன்னு தெரியாது, மாயவன். புது இடத்துக்கு வந்திருக்கு. பாக்கறதெல்லாம் எதிரின்னு நினைக்குது. அடக்கி வைக்கணும். ஸ்டீராய்டு குடுக்கப்போறோம். உயிரைக் காப்பாத்த அதுதான் வழி. ஆனா அது சும்மா விடாது. முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், தொற்று வரும், எலும்பு பலம் குறையும்."

தொற்று என்பதுவரைதான் அவன் கேட்டான். எலும்பு என்ற சொல் காதில் விழுந்ததாக அவனுக்குப் பிற்பாடு ஞாபகமே இல்லை.

மருந்து வேலை செய்தது. வயிறு அடங்கியது. தோல் மெதுவாக ஆறியது. ஆனால் அளவைக் குறைக்கும்போதெல்லாம் தடிப்பு திரும்பி வந்ததால் நிறுத்த முடியாமல் மாதக்கணக்கில் நீண்டது. சுவேதாவின் முகம் உருண்டையாகிவிட்டது. குப்பத்துக்குத் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

வெயில் பட்டால் தோல் மறுபடி பொங்கும், ஆகவே வெயில் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கூட்டம் கூடாது, தூசி கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். மாயவன் ஒவ்வொன்றையும் இரண்டு மடங்காக்கிக் கடைப்பிடித்தான். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த அந்தச் சின்ன வீட்டின் உள்ளறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கொசுவலையும் அதற்கு மேல் தடித்த திரையும் போட்டான். வாசலுக்கு மேலே தார்ப்பாய் கட்டினான். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். சரவணகுமார் வேறு ஆளை வைத்துக்கொண்டு படகு ஓட்டினான். பரிமளா மறுபடி மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

அவனுடைய வேலை மகளைத் தூக்குவது. படுக்கையிலிருந்து பாத்ரூமுக்கு, பாத்ரூமிலிருந்து டி.வி.க்கு முன்னால், அங்கிருந்து சாப்பாட்டுக்கு. மாதாந்திர செக்கப்புக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஆட்டோவுக்கு, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மாடிக்கு. "கொஞ்சம் இறக்கிவுடு நைனா" என்று ஆரம்பத்தில் சுவேதா கால்களை உதைப்பாள். பிறகு அவளுக்கும் அது பழகிவிட்டது. கையை நீட்டினால் அப்பா வருவார்.

பரிமளாவுக்கு இது பிடிக்கவில்லை.

"காலு இருக்குற புள்ளய இன்னாத்துக்குய்யா எந்நேரமும் தூக்கினே திரியுற? வூட்டுக்குள்ளாறவாவது நாலு எட்டு நடக்கட்டும்."

"வுழுந்தா? ரத்தம் கொட்டுனா? மறுபடியும் அங்க போய்ப் படுக்க வெப்பியா?"

"டாக்டரம்மா நடக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"நடன்னும் சொல்லல."

இதற்கு மேல் பேச்சு வளர்ந்தால் அவன் எழுந்து போய்விடுவான். தன் உடம்பிலிருந்து போனது அவள் தோலை உரித்ததை அவன் யாரிடமும் பேசியதில்லை. அவளைச் சுமக்கும் நேரத்தில் மட்டும் நெஞ்சில் அடைத்திருந்தது கொஞ்சம் இளகும்.

அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. சுவேதா முதுகு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். படுத்தே கிடப்பதால் வலிக்கிறது என்று மாயவன் செங்கல்பட்டுக்குப் போய் நல்ல மெத்தையாக வாங்கி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தான். அந்த மெத்தையில் படுத்த பிறகும் வலித்தது. செக்கப்பில் எத்தனையோ விஷயங்களுக்கு நடுவே அதையும் ஒருமுறை சொன்னார்கள். வலிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள்.

ஒரு செக்கப் நாள் காலையில் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. மாயவன் வழக்கம்போல் குனிந்து, மகளின் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கினான். சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவன் கைக்குள்ளேயே சுவேதாவின் உடம்பு விறைத்தது. அவள் அலறினாள். கீழே வைக்கப் போனால் இன்னும் அலறினாள். வைக்கவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் அப்படியே குனிந்த நிலையில் அவன் நின்றான். பரிமளா ஓடி வந்து பிள்ளையின் முதுகுக்குக் கீழே தன் கையைக் கொடுத்து, மெதுவாகப் படுக்கவைத்தாள்.

அன்றைக்கு எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி ரெஜினா காட்டினார். முதுகெலும்புத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள் போல இருக்கவேண்டும். சுவேதாவுக்குப் பல பெட்டிகள் நசுங்கியிருந்தன. ஒன்று முன்பக்கம் சப்பையாகி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது.

"இன்னைக்கு உடைஞ்சது இது ஒண்ணுதான்," என்றார். "மத்ததெல்லாம் பழசு. அவ முதுகு வலிக்குதுன்னு சொன்னப்பவே உடைஞ்சிருக்கு."

"நான் தூக்குனதால ஒடஞ்சிச்சா?"

ரெஜினா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பலமா தும்மியிருந்தாக்கூட உடைஞ்சிருக்கும். அந்த அளவுக்கு எலும்பு சன்னமாயிருக்கு. அவ வியாதி ஒரு காரணம். மாற்றுச் சிகிச்சைக்கு முன்னாடி குடுத்த மருந்து, அப்புறம் ஸ்டீராய்டு. வெயில்ல போகாதேன்னு சொன்னது நாங்கதான். அதுல கிடைக்க வேண்டிய வைட்டமின் டி-யை மருந்தா குடுத்தோம், அது பத்தலை. முதுகு வலின்னு சொன்ன அன்னைக்கே படம் எடுத்திருக்கணும். அது எங்க தப்பு."

"நான் கேட்டதுக்குச் சொல்லுங்க டாக்டர்."

"சொல்றேன். நடக்காம இருந்ததும் ஒரு காரணம். வளர்ற பிள்ளையோட எலும்புக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும். உடம்போட பாரம் கால் வழியா இறங்கும்போதுதான் அது உறுதியாகும். தூக்கிக்கிட்டே இருந்தா, நமக்கு வேலை இல்லைபோலன்னு அது கரைஞ்சு போயிடும்." பிறகு, "நீங்க அன்புல செஞ்சீங்க. எனக்குத் தெரியும்," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை அவனுக்கு ஆறுதலாக இல்லை.

அன்றிலிருந்து மாயவன் மகளைத் தொடுவதையே விட்டுவிட்டான். நர்ஸ் வந்து, பிள்ளையைப் புரட்ட ஒரு கை கொடுங்கள் என்றால் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்வான். பரிமளாதான் செய்தாள். சுவேதா வழக்கம்போல் கையை நீட்டினாள். அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்தக் கையில் கொடுத்தான். இரண்டொரு தடவை இப்படி நடந்த பிறகு அவள் கையை நீட்டுவதை நிறுத்திவிட்டாள்.

வைத்தியம் தொடங்கியது. முதலில் வைட்டமினும் கால்சியமும் கொடுத்து அளவைச் சரிசெய்தார்கள். அடுத்துக் கொடுக்கப்போகும் மருந்து தாடை எலும்பைப் பாதிக்கலாம் என்பதால் பல்லில் சொத்தை உண்டா என்று பார்த்தார்கள். பிறகு எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். முதல் தடவை ஏற்றியபோது காய்ச்சல் அடித்து, உடம்பெல்லாம் முறித்துப் போட்டது போல வலிக்கிறது என்று அழுதாள். அடுத்தடுத்த தடவைகளில் அவ்வளவு இல்லை. முதுகுக்கு ஒரு பட்டை போட்டார்கள். ஸ்டீராய்டை மிக மெதுவாகக் குறைத்து, அதற்குப் பதில் வேறு மருந்து கொடுத்தார்கள். வலி குறைந்ததும், இனி நடக்கப் பழக்குங்கள் என்றார்கள்.

அதற்காக வாரம் மூன்று நாள் செங்கல்பட்டுக்குப் போகவேண்டியிருந்தது. பரிமளா மார்க்கெட்டை விடமுடியாது, மாயவன்தான் கூட்டிப்போனான். காலைக் கூட்டம் வடிந்த பிறகு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ். பிள்ளையை ஏற்றி இறக்கக் கண்டக்டர் கை கொடுப்பார், மாயவன் நாற்காலியைத்தான் தூக்குவான். பஸ் ஸ்டாண்டிலிருந்து சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனால் ஒரு சந்தில், மருந்துக்கடைக்குப் பக்கத்தில், பிசியோதெரபி அறை. நடத்துகிறவள் ஜெஸ்ஸி என்ற இளம்பெண். கலகலவென்று பேசுவாள், ஆனால் கறார்.

இரண்டு கம்பிகளுக்கு நடுவில் சுவேதாவை நிற்கவைத்ததும் அவள் முழங்கால் நடுங்கியது. மாயவன் தன்னை அறியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினான்.

"அண்ணா, அங்கயே நில்லுங்க. கைய கட்டிக்கோங்க," என்றாள் ஜெஸ்ஸி. "நான் இருக்கேன்ல? நீங்க கைய நீட்டினீங்கன்னா அவ உங்க மேலதான் சாய்வா. கால்ல நிக்கமாட்டா."

அவன் கையைக் கட்டிக்கொண்டான். விரல்கள் தோள்சதையைப் பிடித்து நெருக்கின. சுவேதா ஒரு அடி வைத்தாள். அழுதாள். இன்னொரு அடி வைத்தாள்.

அடுத்த சில தடவைகள் அதே மாதிரிதான். மகள் கால் தடுமாறும்போதெல்லாம் மூலையிலிருந்து மாயவனின் தொண்டையில் ஒரு சத்தம் எழும். ஒருநாள் சுவேதா கம்பியைப் பிடித்தபடி நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நைனா, நீ வெளிய போய் நில்லு."

"இன்னாத்துக்குக் கண்ணு?"

"நீ பாத்துகினு இருந்தா எனக்குப் பயமா கீது."

மாயவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். எதிரே டீக்கடை இருந்தது. ஒரு டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அறையின் பச்சைத் திரைச்சீலையைப் பார்த்தபடி நின்றான். உள்ளேயிருந்து ஜெஸ்ஸியின் குரல் மட்டும் கேட்டது. "இன்னும் ஒண்ணு. சபாஷ். இன்னும் ஒண்ணு." டீ ஆறி ஏடு கட்டியதைப் பார்த்து, வேறு டீ போடவா என்று கேட்டார் கடைக்காரர். அவன் அப்போதுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்த நாளிலிருந்து வெளியே நிற்பது வழக்கமாகிவிட்டது.

கம்பியை விட்டு வாக்கருக்கும், வாக்கரை விட்டு ஒற்றைக் கம்புக்கும் வர அந்த மழைக்காலம் முழுக்க ஆயிற்று. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகப் போக ஆரம்பித்தாள். அப்படிப் போகும்போதுதான் ஒருநாள் பின்வாசலில் பரிமளா பாத்திரம் கழுவிய ஈரத்தில் வழுக்கினாள். விழும்போது கையை ஊன்றினாள். மணிக்கட்டு உடைந்தது.

மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்த அன்று மாலையே மாயவன் ஜெஸ்ஸிக்குப் போன் செய்து, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டான். பரிமளா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ ஒண்ணியும் பேசாத. ஈரத்தத் தொடைக்காம வுட்டவ நீ," என்றான். இருபது வருஷத்தில் அவன் அவளிடம் சொன்ன கொடுமையான வார்த்தை அதுதான். பரிமளா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

சுவேதா இருவரிடமும் பேசவில்லை. தட்டைத் தள்ளி வைத்தாள். மறுநாளும் அப்படியே. மாயவன் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தான்.

"சாப்புடு தாயி. மாத்திரை போடணும்."

"நான் ஜெஸ்ஸி அக்காகிட்ட போவணும்."

"கை ஒடஞ்சி கெடக்குது. போதும்."

"எங்க கிளாஸ்ல எல்லாந்தான் வுழுவாங்க. கைய ஒடச்சிகினு கட்டு போட்டுகினு வருவாங்க. நானும் வுழுந்துட்டேன். அவ்ளோதான்." அவள் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நீ கடலுக்குப் போனியே. போனவங்க எவ்ளோ பேரு திரும்பி வரல? அதுக்குன்னு அம்மா உன்னயக் கட்டியா போட்டாங்க?"

உள்ளறையில் படுத்திருந்த பரிமளா எழுந்து வந்து கதவருகில் நின்றாள். மாயவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு கவளத்தை எடுத்து நீட்டினான். சுவேதா வாயைத் திறக்கவில்லை.

"சரி, போலாம்," என்றான். அவள் வாயைத் திறந்தாள்.

அவளை அவன் மறுபடி தொட்டது அன்றைக்குத்தான். சாப்பிட்டு முடித்ததும் அவள் உதட்டோரத்தைத் தன் துண்டால் துடைத்துவிட்டான்.

அடுத்த வாரம் மாவுக்கட்டோடு செங்கல்பட்டுக்குப் போனார்கள். பரிமளாவிடம் மாயவன் மன்னிப்பு என்று எதையும் கேட்கவில்லை. பின்வாசலுக்கு அவனே சொரசொரப்பான சிமெண்ட் பூசி, கைப்பிடிக்கு ஒரு குழாயும் பதித்தான். அவள் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் கீது," என்றாள்.

நல்ல சேதிகளும் வந்தன. அடுத்து எடுத்த ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி கூடியிருந்தது. நசுங்கிய பெட்டிகளில் இரண்டு மூன்று கொஞ்சம் நிமிர்ந்திருந்தன. வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் அப்படி நடக்கும் என்றார் ரெஜினா. ஸ்டீராய்டு முழுக்க நின்றது. சுவேதாவின் பழைய முகம் திரும்பி வந்தது. முடியும் வளர்ந்தது, முன்பைவிடச் சுருட்டையாக. பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்த்தார்கள். கூடப் படித்தவர்கள் இரண்டு வகுப்பு முன்னால் போயிருந்தார்கள்; அவர்களைவிட மட்டுமல்ல, புது வகுப்புப் பிள்ளைகளைவிடவும் அவள் ஒரு தலை குள்ளமாக இருந்தாள். மாயவன் சரவணகுமாரோடு மறுபடி படகேறினான்.

அதற்குப் பிறகுதான் இடது இடுப்பு வலி வந்தது. இந்த முறை யாரும் தாமதிக்கவில்லை. ரெஜினா அன்றைக்கே பெரிய ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தொடை எலும்பு இடுப்பில் போய்ப் பொருந்தும் பந்து போன்ற முனைக்கு ரத்தம் சரியாகப் போகாமல் ஒரு பக்கம் செத்துப்போயிருந்தது. அதுவும் ஸ்டீராய்டு விட்டுச்சென்றதுதான். மருந்தாலும் பயிற்சியாலும் கொஞ்சம் தள்ளிப்போடலாம். வளர்ந்து ஆளான பிறகு ஒருவேளை ஆபரேஷன் செய்யவேண்டி வரும்.

மாயவன் இப்போது யாரால் என்று கேட்கவில்லை.

"நடக்கலாமா டாக்டர்?"

"நடக்கலாம். நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது."

சுவேதா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டுப் பேச வேண்டாம் என்று ரெஜினா முன்பே சொல்லியிருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கோவளம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அதன்பிறகு, "ஓடுறது எப்டின்னே எனக்கு மறந்து பூட்ச்சு நைனா," என்றாள்.

அது பொய் என்று அவனுக்குத் தெரியும். தனக்காகச் சொல்லப்பட்ட பொய் என்றும் தெரியும். கண்டக்டரிடம் வாங்கிய டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தான். மாமல்லபுரம் வந்ததும் அவள் கம்பியைப் பிடித்து, ஜெஸ்ஸி பழக்கியபடி வலிக்கிற காலை முதலில் வைத்து இறங்கினாள். அவன் பின்னால் இறங்கினான்.

இந்தத் தை மாதத்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். சுவேதா பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். அங்கே ஏரிக்கரை முழுக்க நடக்கவேண்டும், ஏறிப் பார்க்கும் கோபுரத்துக்குப் படிக்கட்டு இருக்கும் என்று மாயவன் யோசித்தான். டீச்சரிடம் சொல்லித் தானும் பின்னாலேயே வண்டியில் வருவதாகச் சொன்னான். சுவேதா அம்மாவைப் பார்த்தாள்.

"நீ கடலுக்குப் போய்யா," என்றாள் பரிமளா. "புள்ள போய்ட்டு வரட்டும்."

அவன் கடலுக்குப் போனான். அன்று வலையில் என்ன விழுந்தது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது, சரவணகுமாரைத்தான் கேட்கவேண்டும். சாயங்காலம் பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே சாலையில் போய் நின்றான். பிள்ளைகள் கத்திக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக சுவேதா இறங்கினாள். தொப்பிக்குக் கீழே முகம் வாடியிருந்தது, கண் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"மேல ஏறினியா?"

"இல்ல. பாதிப் படியிலயே வலிச்சிது, எறங்கிட்டேன். டீச்சர் பைனாகுலர் குடுத்தாங்க. கீழயே நின்னு பாத்தேன். கூழைக்கடா எவ்ளோ பெருசு தெரியுமா நைனா? நம்ம படகுல ஒண்ணு உக்காந்தா உனக்கு எடம் இருக்காது."

குப்பத்துக்குப் போகும் சாலையில் இருவரும் நடந்தார்கள். இடது காலை அவள் லேசாக இழுத்து வைத்தாள். அவள் வேகத்துக்கு அவன் தன் நடையைக் குறைத்துக்கொண்டான். பாதி வழியில், சின்னப் பாலத்தின் கட்டையருகே, அவள் நின்றாள். வலிக்கிறதா என்று அவன் கேட்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. அவள் கட்டையில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். மீன் ஏற்றிய வண்டி ஒன்று ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டு போயிற்று. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது. அவள் இன்னும் பறவைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தப் பறவை எந்த நாட்டிலிருந்து வருகிறது, எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டுகிறது என்றெல்லாம் அவள் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

வலி அடங்கியதும் சுவேதா தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். பையை மட்டும் அவனிடம் கொடுத்தாள்.